மூக்கக்காவின் பேனாவும் நண்டின் ரத்தமும்

அந்த நண்டுத் தொழிற்சாலையில் எண்பத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். ஆக, நூற்று எழுபத்திரண்டு மூக்குத் துளைகள். அவற்றில் மூக்குக்கான வேலையைப் பார்த்தவை இரண்டே இரண்டு. அவை மூக்கக்காவுடையவை.

பெற்றோர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதம் ஒருமுறை அதற்கு நேராகக் கையெழுத்துப் போடுவதோடு அந்த உறவு முடிந்தது. மற்றபடி முதலாளி முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் மூக்கக்காதான். அவளைவிட ஒன்பது வயது மூத்த சட்டி மாமாவும் அப்படித்தான் கூப்பிடுவார். நண்டு வேகும் சட்டிகளுக்குப் பொறுப்பானவர் என்பதால் அவர் சட்டி மாமா.

பத்தொன்பதாவது வயதில் ஓடு அள்ளும் வேலைக்குத்தான் அவள் சேர்ந்தாள். தொழிற்சாலையின் பின்புறக் கொட்டகையில் நண்டு ஓட்டை மண்வெட்டியால் வாரித் தொட்டியில் போடும் வேலை. நான்காம் மாதம் ஒருநாள், டப்பாக்கள் அடுக்கிய தட்டு ஒன்று அவளைக் கடந்து போனது. அவள் மண்வெட்டியை ஊன்றி நின்று, "இதுல ஒண்ணு சரியில்ல" என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். சிரித்த வாயோடு நாற்பது டப்பாக்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, முப்பத்தேழாவதில் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் அவளுக்கு ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு விளக்கு, ஒரு பதிவேடு கொடுத்தார்கள்.

அன்று தொடங்கிய வேலை முப்பத்தொரு ஆண்டுகள் நடந்தது. மூடி போடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டின் மீதும் குனிந்து முகர்வாள். மறுநாள், மூடிய டப்பாக்களில் ஐம்பதுக்கு ஒன்று வீதம் திறந்து மணம், சுவை, நிறம் மூன்றையும் எழுதுவாள். நிறம் என்ற கட்டத்தில் எப்போதும் "வெள்ளை" என்றுதான் வரும். ஆனாலும் ஒரு வரியில்கூட "மேற்படி" என்று எழுதியதில்லை. மேற்படி எழுதுகிறவன் பார்க்காமல் எழுதுகிறான் என்பது அவள் கட்சி. எழுதாத நேரத்தில் பேனா வலது காதில் இருக்கும். நீல மைப் பேனா.

வீட்டிலும் அந்த மூக்கு ஓய்வெடுக்கவில்லை. கல்யாணமான புதிதில், கடிகாரம் பழுதுபார்க்கும் அவள் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எத்தனை பீடி, கடைசி பீடி எப்போது என்று சொல்லிவிடுவாள். மூன்றாவது வாரம் அவர் பீடியை விட்டார். உடம்புக்குப் பயந்து இல்லை. பொய் சொல்லி அலுத்துப் போய்.

கதைக்கு வருவோம். அந்த ஆண்டு புது மேனேஜர் வந்தார். வயது முப்பத்தெட்டு. வந்ததும் ஆறு பேர் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய அளவில் ஒரு பெரிய கொதிகலன் வாங்கினார். தானும் அதே மாதிரி கொதிப்பவர் என்பதால் அந்தப் பெயர் அவருக்கே நிலைத்தது. கோபம் வந்தால் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அதனால் அவர் மேசையில் கண்ணாடித் தம்ளர் எப்போதும் தயாராக இருக்கும்.

அதுவரை உயிர் நண்டின் முதுகோட்டைப் பிளந்து, செவுளைப் பிய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி, பிறகுதான் சட்டியில் போடுவார்கள். கொதிகலன் வந்ததும் அது மாறியது. நண்டு முழுசாகக் கூடையிலிருந்து நேரே கொதிநீருக்குப் போனது. எட்டு மணி நேர வேலை ஐந்தில் முடிந்தது. சட்டி மாமா மட்டும், "குளிக்காம சாமி கும்பிடப் போற மாதிரி இருக்கு" என்றார். அவர் எதைப் பற்றியும் அப்படி ஏதாவது சொல்பவர் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொதிகலன் வந்து இருபத்தேழாம் நாள் திரும்பி வந்தன டப்பாக்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். மூக்கக்காவை மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் அறைக்கு இருபத்திரண்டு படிகள். கடந்த ஆறு மாதமாக அவள் ஒன்பதாவது படியிலும் பதினாறாவது படியிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினாள். மேனேஜர் முகத்தை நினைத்தால் அப்படி ஆகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

மேசையில் திறந்த டப்பா ஒன்று இருந்தது. உள்ளே வெள்ளை இறைச்சி. அதில் அங்கங்கே நீலம்.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"நண்டு சார்."

"நண்டுன்னு எனக்கும் தெரியும். வாங்கினவன் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? உள்ள இருக்கறது நண்டா, நண்டு எழுதின கடுதாசியான்னு கேக்கறான்." அவர் தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "உங்க காதுல என்ன?"

அவள் கை தானாக வலது காதுக்குப் போனது.

"பேனா சார்."

"என்ன மை?"

"நீலம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தட்டு மேல குனியறீங்க?"

"நூத்தி இருபது."

"குனிஞ்சா பேனா எந்தப் பக்கம் பார்க்கும்? கீழ. மை எங்க போகும்? அதுவும் கீழ. இதுக்கு ஒரு விசாரணை கமிஷன் வேற வைக்கணுமா?" இன்னொரு வாய் குடித்தார். "திங்கக்கிழமைலேருந்து பின்னாடி கொட்டகைக்குப் போயிடுங்கம்மா. ஓடு அள்ள ஆள் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

மேசையில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் உடனே படியிறங்கியதற்கு மேனேஜரின் கோபம் காரணமில்லை. இருபத்துமூன்று நாளாக அவள் ஒன்றை மறைத்து வைத்திருந்தாள். கொதிகலன் வந்த நான்காம் நாள், சோதனைக்குத் திறந்த தொண்ணூற்றாறு டப்பாக்களில் மூன்றில் அவளே நீலத்தைப் பார்த்திருந்தாள். அன்று காலை பேனா கசிந்து அவள் காது மடலிலும் நீலம் ஒட்டியிருந்தது. மேனேஜர் போட்ட அதே கணக்கை அன்றே போட்டுவிட்டாள். பேனாவைக் கழுவினாள், காதைக் கழுவினாள், மூன்று டப்பாவையும் குப்பையில் கொட்டினாள். பதிவேட்டில் மூன்று வரியிலும் "வெள்ளை" என்று முழுசாக எழுதினாள். மறுநாளிலிருந்து சோதனை டப்பா எதுவும் நீலமாக இல்லை. அவள் திறக்காத டப்பாக்களில்தான் நீலம் கப்பல் ஏறிப் போயிருந்தது.

முப்பத்தொரு ஆண்டில் அவள் எழுதிய பொய் அந்த மூன்று வரி.

சாயங்காலம் அந்த டப்பாவைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் கணவரோடு அவர் தங்கை உட்கார்ந்திருந்தாள். நாத்தனாருக்குப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது கைகளில் குத்துகிறவள். அண்ணியின் மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நண்டின் வயிற்றைப் பிளந்து மூக்கை உள்ளே விடத் தயங்காத மூக்கக்காவுக்கு, ஊசி என்றால் மட்டும் உயிர் போய்விடும்.

விஷயத்தைக் கேட்ட நாத்தனார், நீலத் துணுக்கு ஒன்றைத் தட்டில் வைத்து ஈரப் பஞ்சால் ஒற்றினாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் வெள்ளைதான்.

"மையா இருந்தா இந்நேரம் பஞ்சு நீலமாகியிருக்கும் அண்ணி. இது மேல ஒட்டினது இல்ல, உள்ளயே ஊறினது."

மூக்கக்கா டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினாள். துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தாள். நீலம் மேல்மட்டத்தில் இல்லை; காலும் உடம்பும் சேரும் மூட்டுச் சதையில்தான் இருந்தது. டப்பாவின் அடியில் கிடந்த மூட்டுத் துண்டிலும் இருந்தது. காதிலிருந்து விழும் மைக்கு மூட்டு எது, கால் எது என்று எப்படித் தெரியும்?

"சரி, நண்டோட ரத்தம் என்ன நிறம்?" என்றாள் நாத்தனார்.

"நண்டுக்கு ஏதுடி ரத்தம்? வெட்டினா தண்ணிதான் வரும்."

"முப்பத்தோரு வருஷம் நண்டோட குடும்பம் நடத்தியிருக்கீங்க. அதுக்கு ரத்தம் இருக்குன்னுகூடத் தெரியலையா? அந்தத் தண்ணிதான் ரத்தம்."

"ரத்தம்னா சிவப்பா இருக்கணும்" என்றார் கணவர், கையில் இருந்த கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது நம்ம திமிரு அண்ணா. வெறும் தண்ணியில காத்து ரொம்பக் கரையாது. அதனால மூச்சுக்காத்தைத் தூக்கிட்டுப் போக ரத்தத்துல ஒரு சுமைக்காரன் வேணும். நம்ம சுமைக்காரன் கையில இரும்பு. அதனால சிவப்பு. நண்டோட சுமைக்காரன் கையில செம்பு. காத்தைத் தூக்கினா நீலம். இறக்கி வெச்சுட்டா நிறமே இல்ல, தண்ணி மாதிரி. படிக்கிறப்ப இது ஒரு மார்க் கேள்வி. நான் தப்பா எழுதினேன், அதனால மறக்கல."

"இரும்புச் சட்டி, செம்புச் சட்டி மாதிரியா?"

"அப்படித்தான். கடவுள் கையில கிடைச்ச பாத்திரத்தை எடுத்துப் போட்டிருக்கார். நத்தை, கணவா எல்லாம் செம்புக் கட்சி. மண்புழு நம்ம இரும்புக் கட்சி, ஆனா நம்மள மாதிரி அணுவுக்குள்ள மூட்டை கட்டி வைக்காம அப்படியே கரைச்சு விட்டிருக்கு. கடல்ல ஒரு புழுவுக்குப் பச்சை ரத்தம். இன்னொரு புழுவுக்கு ஊதா. அதுங்களும் இரும்புதான், கட்டற விதம் வேற. பனிக்கடல்ல ஒரு மீன் இருக்கு, அதுக்குச் சுமைக்காரனே இல்ல. அவ்வளவு குளிர்ந்த தண்ணியில காத்து நிறையக் கரையுமாம், வெறும் ரத்தமே போதும்னு வாழ்ந்துட்டுப் போகுது."

"கரப்பான்?" என்றார் கணவர்.

"அதுக்கு உடம்பு பூரா காத்துக் குழாய். ரத்தத்துக்கு அந்த வேலையே இல்ல."

கணவர் கடிகாரத்தைக் கீழே வைத்தார். "கரப்பானுக்கு வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு. நாம இன்னும் தலைச்சுமையிலதான் இருக்கோம். என்னத்த மனுஷன்." பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். "எனக்கும் நரம்பு நீலமாத்தானே தெரியுது?"

"அது தோலு காட்டற வித்தை. குத்தினா சிவப்புதான் வரும். காட்டட்டுமா?"

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மூக்கக்கா இதையெல்லாம் கேட்டபடி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். முன்பு முதுகைப் பிளந்து அலசும்போது அந்தத் தண்ணி போய்விடும். இப்போது நண்டு அப்படியே வேகிறது. ரத்தம் எங்கேயும் போக வழியில்லாமல் மூட்டில் தங்கி, செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதுபோல் டப்பாவுக்குள் ஏறியிருக்கிறது. குற்றவாளி அவள் காதில் இல்லை. கீழே, ஆறு பேர் இறங்கி நிற்கும் அளவில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

"எனக்கு ஒரு ஊசி வேணும்" என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்குக் குத்த?"

"நண்டுக்கு."

"தரேன். ஆனா ஒரு நிபந்தனை. நண்டுக்கு நாளைக்கு, உங்களுக்குத் திங்கக்கிழமை. சம்மதம்னா எடுத்துக்குங்க."

மூக்கக்கா அந்தக் காகிதப் பொட்டலத்தை, செத்த எலியின் வாலைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, இருபத்திரண்டு படிகளை மூன்று பேர் ஏறினார்கள்: மூக்கக்கா, சட்டி மாமா, கயிறு கட்டிய மூன்று நண்டுகளோடு ஒரு கூடை. கூடையையும் ஓர் ஆளாகக் கணக்கிட வேண்டியிருந்தது, அவ்வளவு சத்தம். அவள் ஒன்பதாவது படியில் நின்றாள், பதினாறாவதில் நின்றாள். சட்டி மாமாவும் மரியாதைக்கு நின்றார்.

"சார், இது மை இல்ல. நண்டோட ரத்தம். கண்ணால காட்டறேன்" என்றாள் அவள்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்."

சட்டி மாமா நண்டைக் கவிழ்த்துப் பிடித்தார். கடைசிக் காலின் அடியில் இருக்கும் மெல்லிய தோலில் ஊசி போக வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மூக்கக்கா, குத்தறது என் கட்டைவிரல்" என்றார் சட்டி மாமா. அவள் கண்ணைத் திறந்து சரியான இடத்தில் குத்தினாள். மேசையில் காலியாக இருந்த மேனேஜரின் தம்ளரிலேயே இறக்கினாள். மூன்று நண்டுகளிடமிருந்தும் எடுத்தது அரை விரல் உயரம் இருந்தது.

கண்ணாடிபோலத் தெளிவாக, தண்ணீராகவே இருந்தது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். "நீலம் எங்கம்மா?"

நாத்தனார் சொன்னதில் பாதி அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, பிறகு வந்தது. "விடிகாலைலேருந்து தண்ணிக்கு வெளிய கட்டிக் கிடந்த நண்டு சார். மூச்சு முட்டிக் கிடக்குது. காத்து பட்டாத்தான் நிறம் வரும். கொஞ்ச நேரம் ஆகும்."

"கொஞ்ச நேரம். சரி, அதுவரைக்கும் நான் ஒண்ணு கேக்கறேன். கொதிகலன் வந்ததுலேருந்து இப்படி ஆகுதுங்கறீங்க. அன்னிக்கே தெரிஞ்சிருக்கணுமே. உங்க பதிவேடு என்ன சொல்லுது?"

அவள் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தாள். அதைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய் யாருக்கும் தெரிந்திருக்காது. திறந்தாள். அந்த நான்காம் நாள் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்த மூணு வரியும் பொய் சார். டப்பா நீலமா இருந்துச்சு. என் பேனாதான்னு நானும் பயந்துட்டேன். வெள்ளைன்னு எழுதினது நான்தான்."

சட்டி மாமா கூரையைப் பார்த்தார். மேனேஜர் எழுந்தார். கை பழக்கத்தில் தம்ளரை எடுத்துக்கொண்டது. "அப்ப உங்களுக்கே தெரியும்." தம்ளரை இடப்பக்கம் வீசினார். "முப்பத்தோரு வருஷம், மூக்கு, மூக்குன்னு ஊரே கும்பிடுது." வலப்பக்கம் வீசினார். "இங்க என்னடான்னா கண்ணும் பொய், கையும் பொய்." மேலும் கீழுமாக ஆட்டினார். "என் கொதிகலன் மேல பழியைப் போட நண்டைக் கூட்டிட்டு சாட்சிக்கு வந்திருக்கீங்க." அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தபடி மேலும் நான்கு நிமிடம் பேசினார். அவர் கை ஒரு நொடிகூட ஓயவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, டாக்டர் உத்தரவு ஞாபகம் வந்து, தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"சார், குடிச்சிடாதீங்க" என்றாள் மூக்கக்கா. "அதுதான் சாட்சி."

அவர் தம்ளரை உதட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். துணி அலசும் வாளியில் சொட்டு நீலம் விட்ட மாதிரி இருந்தது. போதாக்குறைக்குக் கூழாக உறையத் தொடங்கியிருந்தது. காற்றை அவரே தன் கையால் ஆட்டி ஆட்டி ஊட்டியிருந்தார்.

எவ்வளவு நேரம் அவர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்பதைச் சட்டி மாமா பிறகு பலரிடம் சொன்னார், நாற்பது நொடி. முட்டை வேகவைக்கிற மாதிரி எண்ணிக்கொண்டிருந்தாராம்.

"பேனாவை எடுங்க" என்றார் மேனேஜர் கடைசியில். அவள் காதிலிருந்து எடுத்து நீட்டினாள். வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டுத் தம்ளர் பக்கத்தில் வைத்தார். மை கருநீலம், ரத்தம் வெளிர்நீலம். திரும்பி வந்த டப்பாக்களில் இருந்தது எதைச் சேர்ந்தது என்று பார்க்க மூக்குகூடத் தேவையில்லை.

"அந்த மூணு டப்பாவை அன்னிக்கே எழுதியிருந்தீங்கன்னா?" இந்த முறை அவர் குரலில் கொதிப்பு இல்லை.

"இருபத்தி மூணு நாள் சரக்கு மிச்சமாகியிருக்கும் சார்."

நியாயம் அறையில் சரிபாதியாக நின்றது. அது யாருக்கும் பிடிக்கவில்லை.

முடிவுகள் அன்றே வந்தன. நண்டை முன்போல் பிளந்து அலசிய பிறகுதான் வேகவைக்க வேண்டும். கொதிகலன் இருக்கும், பெருமையும் இருக்கும், அவசரம் மட்டும் போகும். மூக்கக்கா மேசையிலேயே இருக்கலாம். பேனா குற்றமற்றது என்று நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் இனி மேசைப் பக்கம் பேனா வரக்கூடாது, பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். நிரபராதிக்கு நாடு கடத்தல். அலுவலகங்களில் இது புதிதில்லை.

"பேனாவைத் திருப்பிக் கொடுங்க சார். கடைசியா மூணு வரி பாக்கி இருக்கு" என்றாள் அவள்.

பதிவேட்டில் முதல் "வெள்ளை"யை ஒரே கோட்டில் அடித்தாள், அடியில் என்ன இருந்தது என்று தெரியும்படி. பக்கத்தில் "நீலம், மூட்டுச் சதையில்" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டாள். இரண்டாம் வரிக்கு வந்தபோது மேனேஜர், "மேற்படின்னு போட்டுட்டு முடிங்கம்மா" என்றார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவதையும் முழுசாக எழுதினாள். மூன்றாவதையும் முழுசாக எழுதினாள். அதன் பிறகு பேனாவை மூடி அவர் மேசையில் வைத்தாள்.

திங்கட்கிழமை நாத்தனார் மறக்காமல் வந்தாள். மூக்கக்கா கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவர் ஆறுதலாக, "குத்தினப்ப நண்டு மூணும் சத்தம் போடலையாமே" என்றார். குழாயில் ரத்தம் ஏறியதும் அவள் மூக்கு தன் வேலையைப் பார்த்தது.

"துருப்பிடிச்ச ஆணி வாசனை. ஆனா லேசாத்தான் வருது" என்றாள்.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு என்று வந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். "சுமைக்காரங்க பாதிப் பேர் லீவுல இருக்காங்க அண்ணி. படியில நீங்க நின்னது மேனேஜரால இல்ல" என்று நாத்தனார் மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்தாள். "தினம் ஒண்ணு. நண்டா இருந்திருந்தா செம்பு வாங்கியிருக்கணும்."

மூக்கக்கா மாத்திரைக்கும் ஒரு சீட்டுப் போட்டு, தேதி வாரியாகப் பென்சிலால் குறித்து வந்தாள். தொண்ணூற்றிரண்டாம் நாள், எழுதி முடிந்த பதிவேட்டில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனாள். ஒன்பதாவது படியில் நிற்கவில்லை. பதினாறாவதிலும் நிற்கவில்லை. இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் ஏறி, மூச்சிரைக்காமல் கதவைத் தட்டினாள்.

மேனேஜர் அன்று விடுப்பு.